விட்டுவைத்த மரம்தான் சொத்து! – ஜார்ஜியாவின் பைன் தோப்புகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கடலோர சவானா துறைமுகத்திலிருந்து உள்நாட்டு மேக்கன் நகரம் வரை 16-ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. நூற்றைம்பது மைலுக்கு மேல் நீளமுள்ள அந்தச் சாலையில் பெரும்பகுதிக்கு இரண்டு பக்கமும் பைன் மரங்கள்தான். முதலில் பார்ப்பவருக்கு அது காடாகத் தெரியும். வண்டி கொஞ்சம் வேகம் பிடித்ததும் மரங்களுக்கு நடுவே நேர்கோட்டில் இடைவெளிகள் திறந்து மூடுவது தெரியும். நாற்று நட்ட வயலைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் வரிசைகள் எப்படி ஓடுமோ அப்படி. அது காடு இல்லை, பயிர். அறுவடைக்கு 25 முதல் 35 வருடம் எடுத்துக்கொள்ளும் பயிர்.

எதிரே வரும் லாரிகளும் அதையே சொல்லும். கிளை நீக்கிய முழுநீள மரங்களை அடுக்கி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வருகின்றன. பக்கத்தில் போனால் பிசின் வாசனை. நெடுஞ்சாலையை விட்டு வைடேலியா, சோபர்ட்டன் பக்கம் திரும்பினால் மணல் கலந்த மண், தாழ்வான பள்ளங்கள், சின்னச் சின்ன தேவாலயங்கள், இரும்புக் கேட் போட்ட மண் பாதைகள். வைடேலியா இனிப்பு வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். கந்தகச் சத்து குறைவான மணல் மண்ணால்தான் அந்த வெங்காயத்தில் காரம் இல்லை. சோபர்ட்டனோ, 'பத்து லட்சம் பைன் மரங்களின் ஊர்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. வெங்காயமும் பைனும் ஒரே குடும்பத்தின் நிலத்தில் அடுத்தடுத்து நிற்பதும் உண்டு.

ஜார்ஜியாவின் நிலப்பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மரக்காடு. அதில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது அல்ல, தனியாருடையது. தாத்தா வாங்கிய 40 ஏக்கர், அம்மா வழியில் வந்த 60 ஏக்கர் என்று குடும்பங்களின் கையில் இருப்பது நிறைய.

பருத்தி போன இடத்தில்...

நூறு வருடத்துக்கு முன்பு இங்கே பருத்திதான் ராஜா. 1915 வாக்கில் காய்க்கூன் வண்டு வந்து பருத்தியை அழித்தது. வருடா வருடம் ஒரே பயிர் போட்டு மேல்மண்ணும் கரைந்து போயிருந்தது. நிலத்தை அப்படியே போட்டுவிட்டு மக்கள் நகரங்களுக்குப் போனார்கள். போட்ட நிலத்தில் பைன் தானாக முளைத்தது. ஆனால் அதை வாங்க ஆள் இல்லை. தெற்கத்தி பைனில் பிசின் அதிகம், வெள்ளைக் காகிதத்துக்கு ஆகாது என்று அப்போது நம்பினார்கள். சார்லஸ் ஹெர்ட்டி என்ற வேதியியல் அறிஞர் 1930-களில் சவானாவில் ஒரு சோதனைக்கூடம் வைத்து, இளம் பைன் மரத்திலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்யலாம் என்று காட்டினார். அதே காலத்தில் சவானாவில் பெரிய காகித ஆலையும் வந்தது. பிறகு 1956-லும் 1985-லும் மத்திய அரசு கொண்டுவந்த மண்வளத் திட்டங்கள், பயிர் வைக்காமல் நிலத்தில் மரம் நட்டால் பணம் தருவதாகச் சொன்னன. பல குடும்பங்களின் தோப்புகள் அப்படி வந்தவை.

நடுவது சுலபம். வரிசைக்கு வரிசை 12 அடி, மரத்துக்கு மரம் 6 அடி என்று வைத்தால் ஏக்கருக்கு 605 கன்று. அதிகம் நடுவது லோப்லோலி என்ற பைன் வகை. 12 முதல் 18 வயதுக்குள் தோப்பு மூடிவிடும். தரையில் வெயில் விழாது. கீழ்க்கிளைகள் காய்ந்து, உச்சியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பச்சை நிற்கும். அதற்கு மேல் மரம் உயருமே தவிரப் பருக்காது.

எள் விதைத்த பதினைந்தாம் நாள் நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுவது நம் விவசாயிகளுக்குக் கைப்பழக்கம். கலைக்காத எள் ஒல்லியாக வளர்ந்து காய் பிடிக்காது. பைன் தோப்பிலும் இதே கதைதான். எள்ளைக் கலைக்க வீட்டு ஆட்களே போதும். பைனைக் கலைக்க 15 டன் எடையுள்ள இயந்திரங்களோடு அந்நிய ஆட்கள் நிலத்துக்குள் வரவேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கலைக்காமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். நெருக்கத்தில் வாடிய மரங்களைத் தேடித்தான் தெற்கத்தி பைன் வண்டு வரும். அரிசி மணி அளவுகூட இல்லாத வண்டு அது. ஆரோக்கியமான மரம் பிசினைக் கக்கி வண்டை வெளியே தள்ளிவிடும். வாடிய மரத்துக்கு அந்தத் தெம்பு இருக்காது. ஒரு மரத்தில் புகுந்த வண்டு பக்கத்து மரங்களுக்குத் தாவும். பட்டையில் பொரி ஒட்டியதுபோல் பிசின் உருண்டைகள் தெரியும்போதே காலம் கடந்திருக்கும்.

இரண்டு பேர் கணக்கு

மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரை அங்கே 'லாகர்' என்கிறார்கள். நாம் வெட்டுக்காரர் என்றே சொல்லலாம். அவரிடம் நான்கைந்து ஆட்கள் இருப்பார்கள். மரத்தைக் கவ்விப் பிடித்து அடியில் அறுத்து, நாலைந்தாகச் சேர்த்துக் கீழே கிடத்தும் இயந்திரம் ஒன்று. அந்தக் கட்டை இழுத்து வெளியே கொண்டுவரும் இயந்திரம் ஒன்று. கிளை சீவி லாரியில் ஏற்றும் கிரேன் ஒன்று. இவற்றுக்கெல்லாம் வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். டீசல், காப்பீடு, ஓட்டுநர் சம்பளம் போக மீதிதான் அவருக்கு. ஆலைக்கு எத்தனை டன் போகிறதோ அத்தனை டன்னுக்குத்தான் அவருக்குக் காசு.

இதில்தான் விஷயமே இருக்கிறது. வெட்டுக்காரரின் வருமானம் வெட்டிய மரத்தில் இருக்கிறது. நிலத்துக்காரரின் வருமானம் நிற்கிற மரத்தில் இருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லாதவருக்கும் பருத்த மரத்தை எடுத்தால் லாரி சீக்கிரம் நிரம்பும். மெலிந்த, கோணல் மரத்தை எடுத்தால் நேரம் ஆகும். வருடா வருடம் 'கலைப்பு' என்ற பெயரில் நல்ல மரங்கள் போய், நோஞ்சான் மரங்கள் மிஞ்சிய தோப்புகள் ஜார்ஜியாவில் உண்டு. பெரிய மரத்தை எடுத்தால் சின்ன மரம் வளர்ந்துவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். ஒரே நாளில் நட்ட தோப்பில் சின்னது என்பது இளையது அல்ல, அது தோற்றுப்போன மரம். தைல மரத்தை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். வெட்டிய லோப்லோலி பைன் துளிர்ப்பதில்லை. தவறான மரத்தை எடுத்துவிட்டால் 16 வருடம் பின்னால் போகவேண்டும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆலைக்கூழுக்குப் போகும் மெல்லிய மரத்துக்கு, நிற்கிற நிலையில், நிலத்துக்காரருக்குக் கிடைப்பது சமீப ஆண்டுகளில் பல இடங்களில் டன்னுக்கு 10 டாலருக்கும் குறைவு. (அங்கே டன் என்றால் 907 கிலோ.) நம் ஊர் சவுக்கு விலை கேட்டுப் பழகிய காதுக்கு இது நம்ப முடியாத சல்லிசு. அதுவே பருத்து அறுவை மரமானால் 25 டாலர் வாக்கில் போகும். இரண்டுக்கும் நடுவில் 'சிப் அண்ட் சா' என்று ஒரு தரம் உண்டு. பலகையும் எடுக்கலாம், மிச்சத்தைக் கூழுக்கும் அனுப்பலாம். அதற்கு 20 டாலர் பக்கம்.

ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர், 16 வயதுத் தோப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் கலைப்பில் ஏக்கருக்கு 30 டன் வந்தால் மொத்தம் 1,200 டன். லாரிக்கு 26 டன் வீதம் 46 லோடு. டன்னுக்கு 8 டாலர் என்றால் 9,600 டாலர். பெரிய பணம் இல்லை. நாளைக்கு எட்டு, பத்து லோடு ஏற்றும் குழுவுக்கு ஒரு வார வேலை. ஐந்து லோடு கணக்கில் வராமல் போனால் ஆயிரம் டாலர் நஷ்டம். சிப் அண்ட் சா மரத்தைக் கூழ் மரம் என்று எழுதினால் லோடுக்கு 312 டாலர் நஷ்டம். இவை கண்ணுக்குத் தெரியும் நஷ்டங்கள். நல்ல மரம் போய்விட்ட நஷ்டமோ, 15 வருடம் கழித்து அறுவடையின்போதுதான் தெரியும். அப்போது கேட்க அந்த வெட்டுக்காரரும் இருக்க மாட்டார்.

நிலத்துக்காரர்களில் பலர் ஊரில் இல்லை என்பது இன்னொரு சங்கதி. அட்லாண்டாவிலோ வேறு மாநிலத்திலோ வேலையில் இருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து அப்பா நட்ட தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சென்னையிலும் கோவையிலும் இருந்துகொண்டு ஊர் நிலத்தைப் போனில் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த நிலைமை புரியும்.

நம்பிக்கையான ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

விவரம் தெரிந்தவர்கள் முதலில் வெட்டுக்காரரைக் கூப்பிடுவதில்லை. ஜார்ஜியா வனத்துறை ஆணையத்தின் ஊழியரையோ, தனியார் வன ஆலோசகரையோ கூப்பிடுகிறார்கள். முதலாமவர் செலவில்லாமல் ஆலோசனை சொல்வார். இரண்டாமவர் விற்பனையில் ஒரு பங்கோ மணிக் கட்டணமோ வாங்குவார். அந்த மாநிலத்தில் வன ஆலோசனைத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். ஆலையிலிருந்து வரும் வன அலுவலரும் நன்றாகப் படித்தவர்தான், பேச்சும் இனிமையாக இருக்கும். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஆலை. யார் யாருக்காக வேலை பார்க்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆலோசகர் தோப்புக்குள் வந்ததும் பையிலிருந்து சின்ன ஆப்புக் கண்ணாடி ஒன்றை எடுப்பார். ஓரிடத்தில் நின்று, நெஞ்சளவு உயரத்தில் ஒவ்வொரு மரத்தையும் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று சுற்றுவார். கண்ணாடியில் விலகித் தெரியும் பிம்பம் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எண்ணுவார், விலகிப்போனால் விட்டுவிடுவார். எண்ணியதைப் பத்தால் பெருக்கினால், ஏக்கருக்கு இத்தனை சதுர அடி அடிமரப் பரப்பு என்று வரும். அதாவது ஒரு ஏக்கரில் உள்ள எல்லா மரத்தையும் நாலரை அடி உயரத்தில் அறுத்தால் தெரியும் வட்டங்களின் மொத்தப் பரப்பு. 120-க்கு மேல் போனால் நெருக்கம். கலைத்த பிறகு 60 முதல் 80 வரை இருந்தால் சரி. கண்ணாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு அங்குல அகலக் குச்சியைக் கண்ணிலிருந்து 33 அங்குலத் தூரத்தில் பிடித்து, குச்சியைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணினாலும் அதே கணக்குதான். நம் ஊர்த் தேக்குத் தோப்பிலும் இப்படி எண்ணிப் பார்க்கலாம். ஆனால் தேக்குக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவு வேறு.

அடுத்து வெட்டுக்காரரைத் தேடும் படலம். 'ஜார்ஜியா மாஸ்டர் டிம்பர் ஹார்வெஸ்டர்' என்ற பயிற்சியை முடித்தவர்களுக்குப் பட்டியல் உண்டு. ஓடைக்கரையை எப்படிக் காப்பது, பாதுகாப்பாக எப்படி வேலை செய்வது என்பதெல்லாம் அந்தப் பயிற்சியில் வரும். பட்டியலில் பெயர் இருப்பது முதல் வடிகட்டிதான். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் செய்வதுதான் உண்மையான சோதனை: அவர் போன வருடம் வேலை பார்த்த இரண்டு மூன்று தோப்புகளின் விலாசம் வாங்கி, நேரில் போய்ப் பார்ப்பது. இந்த வருடம் வேலை முடித்த இடம் புதிதாக, பளிச்சென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. போன வருட இடம்தான் உண்மையைச் சொல்லும்.

அங்கே எதைப் பார்ப்பது? பாதை ஓரத்து மரங்களின் பட்டை உரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இழுத்துவரும் இயந்திரம் உரசிய காயம் வழியாக அழுகலும் வண்டும் ஏறும். ஒன்றிரண்டு காயம் எல்லா வேலையிலும் இருக்கும். வரிசையே காயப்பட்டிருந்தால் ஓட்டியவருக்கு அக்கறை இல்லை. தரையில் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரப் பள்ளம் இருந்தால், ஈரத்தில் வேலை பார்த்திருக்கிறார். இறுகிய மண்ணில் வேர் போகாது, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். அடிக்கட்டை உயரமாக நின்றால் அவ்வளவு மரம் வீண். எல்லாவற்றுக்கும் மேலாக நிமிர்ந்து பார்க்க வேண்டும். மிஞ்சி நிற்பவை நேராக, பருத்து, உச்சி பசுமையாக இருக்கின்றனவா? கவட்டை மரமும், தண்டில் துருநோய் வீக்கமும் உள்ள மரமும் அப்படியே நிற்கின்றனவா? அந்த நிலத்துக்காரரிடம் கேட்க ஒரே கேள்வி போதும். மறுபடியும் இவரைக் கூப்பிடுவீர்களா? பதில் சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

பெயிண்ட், சீட்டு, பூட்டு

ஆள் நல்லவர் என்று தெரிந்த பிறகும் எழுதாமல் வேலையைத் தொடங்குவதில்லை. எழுதச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் அங்கேயும் உண்டு, முக்கியமாக அப்பா காலத்திலிருந்து தெரிந்த ஆள் என்றால். நல்ல வெட்டுக்காரர்கள் கோபிப்பதில்லை. பின்னால் சண்டை வந்தால் ஒப்பந்தம் அவர்களையும் காப்பாற்றும்.

ஒப்பந்தத்தில் எல்லை, தரவாரியாக டன் விலை, வேலை முடிய வேண்டிய தேதி, வாராவாரம் பணம், மழை பெய்து நிலம் இளகினால் வேலை நிறுத்தம், வேலி, பாதை, கேட் சேதமானால் சரிசெய்வது, எடுக்கக் கூடாத மரத்தை எடுத்தால் அபராதம் எல்லாம் வரும். ஓடை இருந்தால் அதையும் எழுதுவார்கள். வருடம் முழுக்க ஓடும் ஓடைக்கு, சரிவு குறைந்த இடத்தில் இரு கரையிலும் 40 அடிப் பட்டை காக்கச் சொல்கின்றன ஜார்ஜியாவின் வழிகாட்டு நெறிகள். வெட்டுக்காரரின் காப்பீட்டுச் சான்றின் நகலை வாங்கிக்கொள்வார்கள். மரம் வெட்டுவது அமெரிக்காவிலேயே மிக ஆபத்தான தொழில்களில் ஒன்று. காப்பீடு இல்லாத ஆள் அடிபட்டால் வழக்கு நிலத்துக்காரர் வீட்டுக்கும் வரலாம்.

எந்த மரம் என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர். முதல் கலைப்பில் வழக்கமாக ஐந்து வரிசைக்கு ஒரு வரிசையை முழுசாக எடுத்து இயந்திரத்துக்குப் பாதை விடுவார்கள். மீதி வரிசைகளில் கோணலும் நோயும் மெலிவுமாக உள்ளதைப் பொறுக்கி எடுப்பார்கள். பிழைத்து நிற்கும் நானூற்றைம்பது, ஐந்நூறு மரத்தில் கடைசியில் இருநூறு, இருநூற்றைம்பது மிஞ்சும். ஒவ்வொன்றாகக் குறி போட ஆலோசகர் செலவு அதிகம் என்பதால், பொறுக்கும் வேலையைப் பெரும்பாலும் இயந்திர ஓட்டுநரிடமே விடுகிறார்கள். அதனால் சிலர் அரை ஏக்கருக்கு மட்டும் குறி போட்டு, ஓட்டுநரை அழைத்துவந்து, 'இந்த மாதிரி' என்று காட்டுகிறார்கள். முதல் நாள் மாலை அடிமரப் பரப்பை அளந்து பார்த்தால் போதும், கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது கலைப்பில் மரத்தின் மதிப்பு கூடிவிடும். அப்போது ஒவ்வொன்றுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். ஒரே மரத்தில் இரண்டு இடத்தில் குறி. ஒன்று நெஞ்சு உயரத்தில், ஓட்டுநர் கண்ணுக்கு. இன்னொன்று தரையை ஒட்டி, வேர்க் கழுத்தில். மேல் குறி மரத்தோடு ஆலைக்குப் போய்விடும், கீழ்க் குறி அடிக்கட்டையில் நிற்கும். குறி இல்லாத அடிக்கட்டை ஒன்று கண்ணில் பட்டால் அங்கே எடுக்கக் கூடாத மரம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு டப்பா பெயிண்டில் முடிகிற காவல் இது.

எடைச் சீட்டு அடுத்தது. ஆலை வாசலில் எடைமேடையில் லாரி ஏறியதும் சீட்டு வரும். தேதி, எந்த நிலத்து மரம், என்ன தரம், எத்தனை டன் எல்லாம் அதில் இருக்கும். வெட்டிய மரத்துக்கு லோடுக்கு லோடு இப்படிச் சீட்டு இருக்க வேண்டும் என்று ஜார்ஜியா சட்டமே சொல்கிறது. மரத் திருட்டை விசாரிக்கத் தனி அதிகாரிகளும் வனத்துறை ஆணையத்தில் உண்டு. ஆனாலும் சீட்டை எண்ணுவது நிலத்துக்காரர் வேலை. ஊரில் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமோ, அந்த நிலத்தில் மான் வேட்டைக்குக் குத்தகை எடுத்தவரிடமோ சொல்லி, கேட் வழியாக எத்தனை லாரி போகிறது என்று குறித்து வைக்கிறார்கள். ஒரே வழிதான் திறந்திருக்கும், ராத்திரி பூட்டு. 46 லாரி போயிருந்தால் 46 சீட்டு வர வேண்டும்.

கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் வியாபாரி ஒரு சுற்று சுற்றிவிட்டு மொத்தத் தொகை சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் தெரியும். ஜார்ஜியாவிலும் மொத்த விலை பேசுவது உண்டு, முழுத் தோப்பையும் வெட்டும்போது. மூடிய உறையில் பல பேரிடம் விலை கேட்டு, பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். கலைப்புக்கு மொத்த விலை ஆபத்து. தொகையைக் கொடுத்துவிட்டவருக்கு எடுப்பதெல்லாம் லாபம், கை நிற்காது. அதனால் கலைப்புக்கு எடைக் கணக்கே நல்லது.

ஆலை மூடினால்...

இவ்வளவும் வெட்டுக்காரர் கிடைத்தால்தான். இப்போது அதுவே கஷ்டமாகிக்கொண்டிருக்கிறது. சவானாவில் 1930-களில் தொடங்கிய அந்தப் பெரிய ஆலையும், தெற்கே ரைஸ்போரோ ஆலையும் 2025 செப்டம்பரோடு மூடப்பட்டன. தென்மேற்கில் சீடர் ஸ்பிரிங்ஸ் ஆலையும் அதே வருடம் மூடப்பட்டது. கலைப்பு மரம் போகும் இடம் இந்த ஆலைகள்தான். தூரத்து ஆலைக்கு லாரி ஓட்டினால் டீசலே மர விலையைத் தின்றுவிடும். இயந்திரக் கடன் கட்ட முடியாத வெட்டுக்காரர்கள் தொழிலை விடுகிறார்கள்.

20 ஏக்கர், 30 ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது முதல் அடி. இயந்திரங்களை ஏற்றி இறக்கும் செலவு 30 ஏக்கருக்கும் 300 ஏக்கருக்கும் ஒன்றுதான். சின்ன நிலத்துக்கு வர நல்ல வெட்டுக்காரருக்குக் கட்டாது. வருகிறேன் என்று சொல்பவர் யார் என்று யோசிக்க வேண்டியிருக்கும். இதற்கு ஊர்க்காரர்கள் கண்ட வழி, பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் ஒரே வெட்டுக்காரரைக் கூப்பிடுவது. நெல் அறுவடை இயந்திரத்துக்கு நம் ஊரில் செய்வதுதான். விலை கொஞ்சம் குறைந்தாலும் நல்ல ஆளுக்குக் கொடுப்பது மேல் என்று சொல்பவர்கள் அங்கே நிறைய. முதல் கலைப்பில் டன்னுக்கு ஒரு டாலர் குறைந்தால் 40 ஏக்கருக்கு 1,200 டாலர் போகும். மிஞ்சிய மரங்கள் நன்றாக இருந்தால் அந்தப் பணம் இரண்டாவது கலைப்பிலேயே திரும்பிவிடும்.

தள்ளிப்போடவும் முடியாது. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் தென்மேற்கு ஜார்ஜியாவில் மட்டும் சுமார் 76 கோடி டாலர் மதிப்புள்ள மரங்களைச் சாய்த்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது மாநில மதிப்பீட்டில் மரச் சேதம் 128 கோடி டாலர். காலம் தப்பி, உயர்ந்து ஒல்லியான பிறகு கலைத்த தோப்புதான் காற்றுக்கு முதலில் வளையும். பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்தே வளர்ந்த மரம், அந்தப் பக்கத்து மரம் போனதும் தனியாக நிற்கத் தெரியாமல் விழும். காலத்தில் கலைத்தால் ஓரிரு வருடத்தில் அடி பருத்து, வேர் பரப்பி நின்றுகொள்ளும்.

கையெழுத்து யார் போடுவது?

கடைசியாக, வெட்டுக்காரரோடு சம்பந்தமே இல்லாத ஒரு தடை. அடிமை முறை ஒழிந்த பிறகு ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் கறுப்பினக் குடும்பங்கள் பாடுபட்டு நிலம் வாங்கின. உயில் எழுதும் வழக்கம் இல்லாததால் நிலம் பிரிக்கப்படாமல் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாருக்கும் பொதுவாக இறங்கியது. நம் கூட்டுப்பட்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது, ஐம்பது பேருக்குப் பங்கு உள்ள 30 ஏக்கரில் கலைப்புக்கு யார் கையெழுத்துப் போடுவது? விவரமான வெட்டுக்காரர் அந்த நிலத்துக்குள் வரவே மாட்டார், நாளைக்கு ஒரு பங்காளி வழக்குப் போட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்று ஒருவர் வாய்வார்த்தையை நம்பி வருபவரைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போய், முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்ததும் நிறைய நடந்திருக்கிறது. அதைத் தடுக்க 2010-ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. ஜார்ஜியா 2012-லேயே அதை ஏற்றது. பங்கை விற்க நினைப்பவரிடமிருந்து மதிப்பிட்ட விலைக்கு மற்ற பங்காளிகளே வாங்கிக்கொள்ள அது வழி செய்கிறது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 2005 முதல் இயங்கும் ஒரு வாரிசுச் சொத்துப் பாதுகாப்பு மையம், பட்டாவைத் தெளிவாக்கிக் கொடுப்பதோடு, அதே குடும்பங்களுக்கு மரம் வளர்க்கவும் கலைக்கவும் விற்கவும் சொல்லிக்கொடுக்கிறது. அங்கே பத்திரமும் பைனும் ஒரே மேஜையில் பேசப்படுகின்றன. வரி கட்ட முடியாமல் கைவிட்டுப் போகவிருந்த நிலத்துக்கு மரப் பணத்தில் வரி கட்டலாம் என்பதுதான் காரணம்.

கலைத்து முடித்த தோப்பு முதல் மாதம் பார்க்க நன்றாக இருக்காது. தரை முழுக்கக் கிளையும் சருகும், வெட்டிய வரிசையில் சக்கரத் தடமும் கிடக்கும். அடுத்த வசந்தத்தில் வெயில் பட்ட தரையில் புல் வரும், காடை வரும். தகுந்த நாள் பார்த்து, அனுமதி வாங்கி, தரையை மட்டும் மெல்ல எரியவிடுவார்கள். பைனின் தடித்த பட்டை அதைத் தாங்கிக்கொள்ளும். சிலர் உதிர்ந்த பைன் ஊசியைக் கூட்டிக் கட்டுகட்டி, தோட்டங்களுக்கு மூடாக்காக விற்பார்கள். ஐந்து முதல் ஏழு வருடத்தில் அடுத்த கலைப்பு. முதல் கலைப்பின் சீட்டுகளையும் ஒப்பந்தத்தையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கும் வீடுகளில், அப்போது யாரைக் கூப்பிடுவது என்று பேச வேண்டியிருப்பதில்லை. டப்பாவைத் திறந்து அந்த நம்பருக்கே போன் போடுகிறார்கள்.